கரிசலுக்கு மேலே இரண்டாயிரம் அடி

கோவில்பட்டிக்குப் பக்கத்தில், தோணுகாலில், ஒரு விமான ஓடுதளம் இருக்கிறது. நூற்பாலை நிர்வாகம் ஒன்று தன் தேவைக்காகப் போட்டது. அங்கே விமானப் பயிற்சிப் பள்ளி கொண்டுவர மாநில அரசின் டிட்கோ நிறுவனம் முயற்சி எடுப்பதாகச் செய்தித்தாளில் வந்த நாளிலிருந்து என் அக்கா மகனுக்குத் தூக்கம் கெட்டுப்போனது.

வணிக விமானி உரிமம் வாங்க 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். பயிற்சிக் கட்டணம், தங்குமிடம், தேர்வு எல்லாம் சேர்த்தால் அரைக் கோடி ரூபாய் சாதாரணமாக ஓடிவிடும். அத்தானுக்கு இருப்பது நாலு குறுக்கம் மானாவாரியும், தீப்பெட்டி ஆபீஸில் கணக்கெழுதும் வேலையும். இந்தத் தொகையை அவரிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. சிரித்தார். கோபப்பட்டிருந்தால் பேசியாவது பார்த்திருக்கலாம் என்று பையன் என்னிடம் போனில் வருத்தப்பட்டான்.

அதனால் இன்ஜினியரிங் படித்துக்கொண்டே கம்ப்யூட்டரில் பறக்க ஆரம்பித்தான். மூன்றாம் ஆண்டு வருவதற்குள் மானிட்டரில் பார்ப்பது சலித்துவிட்டது. தலையில் மாட்டிக்கொள்ளும் விஆர் ஹெட்செட் ஒன்று என்னிடம் இருப்பது அவனுக்குத் தெரியும். "மாமா, வரும்போது அதையும் எடுத்துட்டு வாங்க. நம்ம கரிசலை மேல இருந்து பாக்கணும்" என்றான்.

மார்கழி நடுவில் மதுரை மாட்டுத்தாவணியில் திருநெல்வேலி பஸ் ஏறினேன். மடியில் பை. பைக்குள் ஹெட்செட், இரண்டு கன்ட்ரோலர், ஐந்து மீட்டர் யுஎஸ்பி கேபிள். திருமங்கலம் தாண்டி விருதுநகர் நெருங்க நெருங்க மண் கறுத்துக்கொண்டே வருகிறது. கோடையில் மட்டும் இந்தப் பாதையில் போனவர்கள் கரிசலை வெடித்துப் பிளந்த வெறுங்காடாகத்தான் நினைவில் வைத்திருப்பார்கள். மார்கழியில் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, உளுந்தும் பாசியும் காய் பிடித்து, மக்காச்சோளம் ஆளுயரத்துக்கு நின்று, கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை. ஆண்டு மழை 700 மில்லிமீட்டரை ஒட்டித்தான். அதில் பெரும்பங்கு இந்தப் பருவத்தில் கொட்டிவிடும். மண் அந்த ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மாசி வரைக்கும் பயிரைக் காப்பாற்றும். இந்த மானாவாரி வெள்ளாமையை ஆராய்வதற்காகவே கோவில்பட்டியில் 1901-லேயே ஒரு வேளாண் ஆராய்ச்சி நிலையம் வந்துவிட்டது.

சாத்தூரில் பஸ் நின்றபோது காராச்சேவு வாங்கினேன். கரிசல் என்றாலே எழுத்தாளர் கி.ரா.வைக் கூப்பிடாமல் கட்டுரை எழுதக் கூடாது என்று எழுதாத சட்டம் ஒன்று உண்டு. அவருடைய ஊரான இடைசெவல் கோவில்பட்டிக்கும் தெற்கே. நான் அதற்கு முன்பே இறங்கிவிட்டேன்.

அக்கா வீட்டு மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை. மேஜைக்கடியில் அவனுடைய சிபியு. பாகம் பாகமாக வாங்கி அவனே அசெம்பிள் செய்தது. அதிலிருக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஒரு பூர்வகதை உண்டு. ஈதீரியம் நாணயத்தின் வலைப்பின்னல் 2022 செப்டம்பரில் தன் கணக்கு முறையை மாற்றிக்கொண்டது. அதுவரை கிராஃபிக்ஸ் கார்டுகளை அடுக்கி ராப்பகலாக 'மைனிங்' செய்தவர்களுக்கு ஒரே நாளில் பிழைப்பு போயிற்று. அதற்கு முந்தைய இரண்டு வருடம் சாதாரண ஆள் யாரும் கார்டு வாங்க முடியாதபடி விலையை ஏற்றியவர்கள், பிறகு பழைய கார்டுகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். அப்படி மதுரையில் ஒருவரிடமிருந்து வந்ததுதான் மருமகனின் கார்டு. நடுத்தர ரகம், 12 ஜிபி நினைவகம். அதனோடு 16 ஜிபி ரேம், 550 வாட் எஸ்எம்பிஎஸ். மானிட்டரில் விளையாட இது தாராளம்.

சாப்பாடு முடிந்து கேபிளைச் சொருகினோம். தூத்துக்குடியின் வாகைகுளம் விமான நிலையத்திலிருந்து ஒற்றை எஞ்சின் செஸ்னாவில் கிளம்புவது, எட்டயபுரத்துக்கு மேலே இரண்டாயிரம் அடியில் திரும்பி கோவில்பட்டி வருவது என்று திட்டம். முதலில் அவன் மாட்டிக்கொண்டான். தரை விலகியதும் அவன் வாயிலிருந்து வந்தது வெறும் "ஏ...!" மட்டும்தான். மானிட்டரில் எத்தனையோ முறை பார்த்த அதே காக்பிட்தான். ஆனால் இப்போது அது அவனைச் சுற்றி இருந்தது. குனிந்தால் இருக்கைக்கடியில் தெரிந்தது. பக்கவாட்டில் சாய்ந்து ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்க்க முடிந்தது. அக்கா மாடிப்படியில் நின்று, "ஏன்டா இவன் சுவத்தைப் பாத்து எட்டிப் பாக்கான்?" என்றாள்.

ஐந்தாறு நிமிடத்துக்குப் பிறகுதான் வினை ஆரம்பித்தது. உயரமானியின் எண்கள் படிக்க முடியாமல் கலங்கலாக இருந்தன. படத்தின் தெளிவைக் கூட்டினான். உடனே தலையைத் திருப்பும்போதெல்லாம் உலகம் விக்கி விக்கி நகர்ந்தது. தெளிவைக் குறைத்தான். விக்கல் நின்றது, எண்கள் மறைந்தன. மேகத்தை நிறுத்திப் பார்த்தான், நிழலை நிறுத்திப் பார்த்தான், மரங்களைக் குறைத்தான். கடைசியில் விமானம் சீராகப் பறந்தது. ஆனால் மேகமும் நிழலும் மரமும் இல்லாத ஒரு மொட்டை உலகத்தின் மேல் அது பறந்துகொண்டிருந்தது. "மாமா, நீங்க பாருங்க" என்று என் தலையில் மாட்டினான். எட்டயபுரம் தாண்டி கோவில்பட்டி வந்ததும் எனக்கு வயிற்றைப் புரட்டியது. கழற்றி வைத்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்தேன். அக்கா எலுமிச்சம்பழச் சாறு கொண்டுவந்தாள்.

அவனுடைய கம்ப்யூட்டர் மட்டமானது இல்லை. விஆர் கேட்கிற கணக்கு வேறு. அந்தக் கணக்கைப் படுத்தபடியே அவனோடு போட்டுப் பார்த்தேன்.

சாதாரண ஃபுல் எச்டி மானிட்டரில் 1920-க்கு 1080 புள்ளிகள். மொத்தம் சுமார் 21 லட்சம். வினாடிக்கு 60 முறை புதுப்பித்தால் ஏறக்குறைய பன்னிரண்டரைக் கோடி புள்ளிகளைக் கார்டு வரைய வேண்டும். 2023-ல் வந்த குவெஸ்ட் 3 போன்ற ஹெட்செட்டில் ஒரு கண்ணுக்கு 2064-க்கு 2208 புள்ளிகள். இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 91 லட்சம். வினாடிக்கு 90 முறை என்றால் 82 கோடி. அதோடு முடியவில்லை. கண்ணுக்கு முன்னால் இருக்கும் லென்ஸ் படத்தை வளைத்துவிடும். அந்த வளைவுக்கு எதிர்வளைவு கொடுத்துத்தான் படத்தை அனுப்ப வேண்டும். வளைக்கும்போது நடுப்பகுதி இழுபட்டு மங்காமல் இருக்க, திரையில் இருப்பதைப் போல ஒரு பக்கத்துக்கு 1.4 மடங்கு பெரிதாக முதலில் வரைந்துகொள்வது வழக்கம். நீளத்திலும் அகலத்திலும் 1.4 என்றால் மொத்தப் புள்ளிகள் இரண்டு மடங்கு. ஆக, வினாடிக்கு 160 கோடிக்கு மேல். மானிட்டரின் வேலையைப் போலப் பதின்மூன்று மடங்கு. பைமேக்ஸ் கிரிஸ்டல் மாதிரி ஒரு கண்ணுக்கு 2880-க்கு 2880 கொண்டவற்றுக்கு இதுவும் போதாது.

இவ்வளவு புள்ளிகள் இருந்தும் ஏன் உயரமானியைப் படிக்க முடியவில்லை? மானிட்டர் கைநீளத் தொலைவில் இருக்கிறது. அதன் புள்ளிகள் பார்வையின் ஒரு சிறு பகுதிக்குள் அடங்கிவிடுகின்றன. ஹெட்செட்டின் புள்ளிகளை லென்ஸ் நூறு பாகைக்கு விரித்துப் பரப்புகிறது. நல்ல கண்ணுக்கு ஒரு பாகையில் 60 புள்ளிகள் இருந்தால்தான் புள்ளி தெரியாது என்பது பொதுவான அளவுகோல். குவெஸ்ட் 3-ல் 25 தான். நூறு பாகைக்கும் 60 வேண்டும் என்றால் ஒரு கண்ணுக்கு 6000-க்கு 6000, அதாவது 3.6 கோடிப் புள்ளிகள் தேவை. வீட்டில் வைக்கிற எந்தக் கம்ப்யூட்டரும் இன்று சிமுலேட்டரில் அதை வினாடிக்குத் தொண்ணூறு முறை வரைந்து தராது.

வேகமாவது கொஞ்சம் விட்டுக்கொடுக்குமா என்றால், அதுவும் இல்லை. 90 முறை என்றால் ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 11 மில்லிவினாடி. மானிட்டரில் ஒரு படம் தாமதித்தால் கொஞ்சம் தடுக்கும், அவ்வளவுதான். தலையோடு சேர்ந்து திரும்பும் திரையில் தாமதித்தால் கண் ஒன்று சொல்லும், உள்காது வேறொன்று சொல்லும், வயிறு தீர்ப்பு எழுதும். தலை அசைவதற்கும் படம் மாறுவதற்கும் இடையே 20 மில்லிவினாடிக்கு மேல் போகக் கூடாது என்பது இத்துறையின் பாலபாடம். அதனால் படம் நேரத்துக்கு வராதபோது, ஹெட்செட் போன படத்தையே தலை திரும்பிய அளவுக்கு நகர்த்திக் காட்டிவிடும். பந்தியில் சாம்பார் வரத் தாமதமானால் ரசத்தை ஊற்றிச் சமாளிப்பது மாதிரி. நேராகப் பறக்கும்போது இந்தச் சமாளிப்பு தெரியாது. கீழே தாழ்ந்து திரும்பும்போது இறக்கையின் விளிம்பு நடுங்கும்.

விமான சிமுலேட்டரில் இன்னொரு சிக்கல். கிராஃபிக்ஸ் கார்டை மட்டும் மாற்றினால் தீராது. காற்று, எஞ்சின், வானிலை, தரையில் கொட்டிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான பொருட்கள் என எல்லாவற்றையும் கணக்கிடுவது பிராசஸர். அந்த வேலையில் பெரும்பகுதி ஒரே இழையில் வரிசையாக நடப்பது. எத்தனை கோர் இருந்தாலும் அந்த ஒன்று தாமதித்தால் மற்றவை கைகட்டி நிற்கும். 2022-ல் ஏஎம்டி வெளியிட்ட 5800எக்ஸ்3டி, சில்லுக்கு மேலே கூடுதல் கேஷ் நினைவகத்தை அடுக்கி 96 எம்பி ஆக்கியது. சிமுலேட்டர் பிரியர்கள் அதைத் தேடித் தேடி வாங்கினார்கள். மற்ற விளையாட்டுக்காரர்களுக்கு அது ஒரு வசதி. இவர்களுக்கோ மூச்சு.

இந்தப் பசி இன்று தொடங்கியதில்லை. 1968-ல் ஐவன் சதர்லேண்ட் தலையில் மாட்டும் முதல் திரையைக் காட்டியபோது, உத்தரத்திலிருந்து தொங்கிய இயந்திரக் கை தலையின் அசைவை அளந்தது. கண்ணுக்குத் தெரிந்ததோ வெறும் கோட்டுச் சட்டங்கள். அதற்கே அன்றைய பல்கலைக்கழகக் கருவிகள் தேவைப்பட்டன. 2016 மார்ச்சில் ஓக்குலஸ் ரிஃப்ட் 599 டாலருக்கு வந்தது. ஒரு கண்ணுக்கு 1080-க்கு 1200 புள்ளிகள்தான். ஆனாலும் உலகத்தில் புழங்கும் கம்ப்யூட்டர்களில் நூற்றுக்கு ஒன்றுகூட அதை ஓட்டத் தகுதியாக இருக்காது என்று என்விடியாவே முன்கூட்டிக் கணக்குச் சொன்னது. இந்தியாவுக்கு எச்டிசி வைவ் 2017-ல் வந்தபோது விலை 92,990 ரூபாய். கம்ப்யூட்டர் தனி. குவெஸ்ட் 3 அறிமுகமானபோது விற்பனை நாடுகளின் பட்டியலில் இந்தியாவே இல்லை. என்னுடையதும் வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வந்ததுதான். கெட்டுப்போனால் வாரண்டி என்று யாரிடம் போவது?

வாங்கிய பொருள் கெடாமலேயே செத்துப்போவதும் உண்டு. 2020-ல் எச்பி கொண்டுவந்த ரிவெர்ப் ஜி2 அந்த விலையில் கிடைத்த மிகத் தெளிவான ஹெட்செட். சிமுலேட்டர்காரர்கள் கொண்டாடினார்கள். அது நம்பியிருந்தது விண்டோஸில் இருந்த மிக்ஸ்டு ரியாலிட்டி என்ற பகுதியை. 2023 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் அதைக் கைவிடுவதாக அறிவித்தது. அடுத்த ஆண்டு வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் அந்தப் பகுதியே இல்லை. கம்ப்யூட்டரை அப்டேட் செய்தவர்கள் கையில் நல்ல லென்ஸும் நல்ல திரையும் கொண்ட ஒரு கறுப்பு டப்பா மிஞ்சியது. அறுநூறு டாலர் பொருளுக்கு நாலு வருட ஆயுசு. இதைக் கேட்ட அத்தான், "விதை நல்ல விதைதான், நிலத்தைப் புடுங்கிட்டானாக்கும்" என்றார்.

அவர் அதுவரை வாசலில் உட்கார்ந்து எங்கள் கணக்கைக் காதில் வாங்கிக்கொண்டிருந்தார். "சரி மாப்ள, இதெல்லாம் ஒழுங்கா ஓடணும்னா என்ன ஆகும்?" என்றார் என்னிடம். மகனிடம் கேட்கமாட்டார்.

என்விடியா 2025 ஜனவரியில் அறிவித்த ஆரம்ப விலைகளைச் சொன்னேன். ஆர்டிஎக்ஸ் 5090 இந்தியாவில் 2,14,000 ரூபாய். 5080 என்றால் 1,07,000. 5070 டிஐ 80,000. இது கார்டு மட்டும். கடையில் கைக்கு வரும்போது கூடத்தான் ஆகும். பிராசஸர், மதர்போர்டு, ரேம், எஸ்எம்பிஎஸ், கேபினெட், ஹெட்செட் என்று சேர்த்தால் உச்ச ரகம் நாலு லட்சத்தைத் தாண்டும். 5090 ஒன்று மட்டுமே 575 வாட் இழுக்கும். அதற்கு 1000 வாட் எஸ்எம்பிஎஸ் போடச் சொல்கிறது கம்பெனியே.

"அப்ப நம்ம இன்வெர்ட்டர்?"

வீட்டில் இருப்பது 850 விஏ இன்வெர்ட்டர். நாலு லைட்டும் இரண்டு ஃபேனும் ஓடும். அந்தக் கம்ப்யூட்டர் முழு மூச்சில் ஓடும்போது கரண்டு போனால், இன்வெர்ட்டர் ஒரு சத்தம் கொடுத்துவிட்டு அதுவும் போய்விடும். தனியாகப் பெரிய யுபிஎஸ் வேண்டும். கார்டும் மற்றவையும் சேர்ந்து இழுக்கிற சுமார் 800 வாட்டும் கடைசியில் வெப்பமாக அறைக்குள்தான் வரும். குளிர்நாட்டில் விற்கும் அறை ஹீட்டரைப் பாதி வேகத்தில் வைத்தால் அவ்வளவுதான் இழுக்கும். சித்திரையில் கோவில்பட்டி மாடி அறையில் ஹீட்டர் போட்டு உட்கார்ந்து, முகத்தில் நுரைப்பஞ்சு மெத்தையோடு ஒரு பெட்டியைக் கட்டிக்கொள்வதை நினைத்துப் பாருங்கள். ஏசி வேண்டும். ஏசி போட்டால் மோட்டார் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கும். ஸ்டெபிலைசர் வேண்டும். விலைப்பட்டியலில் இல்லாத பொருட்களின் பட்டியல் இப்படி நீண்டுகொண்டே போயிற்று. அறிமுகக் கட்டுரை எழுதுகிறவர்கள், வீடியோ எடுக்கிறவர்கள் யாரும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

மறுநாள் காலை இருவரும் பைக்கில் தோணுகால் போனோம். பனி விலகாத நேரம். இரண்டு பக்கமும் மக்காச்சோளம். ஓடுதளத்தை வெளியிலிருந்துதான் பார்த்தோம். பார்ப்பதற்கு என்ன இருக்கிறது, நீளமாக ஒரு தார்ப்பாதை, ஓரத்தில் வேலிக்கருவேல். ஆனாலும் அவன் பைக்கை நிறுத்திவிட்டு வெகுநேரம் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எந்த முனையில் இறங்க வேண்டும் என்றெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தான்.

கரிசலில் ஓடுதளம் போடுவதே லேசுப்பட்ட காரியம் இல்லை. இந்தக் களிமண் நனைந்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். வெடிப்புக்குள் கையை விடலாம், சில இடத்தில் முழங்கை வரை போகும். அதன் மேல் கட்டிய சுவரும் சாலையும் வருடத்துக்கு ஒருமுறை தூக்கி இறக்கப்படுகின்றன. மேல்மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டு வேறு மண் நிரப்ப வேண்டும், அல்லது சுண்ணாம்பு கலந்து அதன் கொட்டத்தை அடக்க வேண்டும். பருத்திக்குக் கொடுத்ததையெல்லாம் இந்த மண் கட்டடத்திடமிருந்து பிடுங்கிக்கொள்கிறது.

"இங்க ஸ்கூல் வந்தாலும் நான் சேர முடியாது மாமா, தெரியும்" என்றான். "ஆனா சிமுலேட்டர் வேலை இருக்கும்ல? அதை ஓட்ட, பராமரிக்க ஆள் வேணும்ல?" இது வெறும் கனவில்லை. 2021 ஏப்ரலில் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை, சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்று செய்த ஹெலிகாப்டர் சிமுலேட்டருக்கு அங்கீகாரம் கொடுத்தது. விஆர் ஹெட்செட்டை வைத்து இயங்கும் பயிற்சிக் கருவி ஒன்றுக்கு அப்படிக் கிடைத்தது அதுவே முதல் முறை. கட்டடம் அளவுக்குப் பெரிய, ஹைட்ராலிக் கால்களில் நிற்கும் பழைய சிமுலேட்டர்களோடு ஒப்பிட்டால் இதன் செலவு கொஞ்சம்தான். வீட்டில் பறக்கிற மணிகள் எந்த உரிமத்துக்கும் கணக்கில் வராது என்றாலும், அந்தக் கருவிகளுக்குள் இருப்பதும் இதே 11 மில்லிவினாடிப் போராட்டம்தான். நாலு லட்சம் என்பது விளையாட்டுச் சாமானுக்கு அநியாயம். விமானப் பயிற்சிக்கு அது சில்லறை. அவன் நிற்பது இரண்டுக்கும் நடுவே.

ஆனால் எனக்கு முந்தின இரவிலிருந்தே வேறொன்று உறுத்திக்கொண்டிருந்தது. கழற்றுவதற்கு முன் நான் கோவில்பட்டியைப் பார்க்க முயன்றேன். உலகம் முழுவதையும் செயற்கைக்கோள் படத்தால் போர்த்தும் சிமுலேட்டர்களில், லண்டன், நியூயார்க் போன்ற நகரங்களைப் பல கோணங்களில் வானிலிருந்து படமெடுத்து ஒவ்வொரு கட்டடத்தையும் உருவமாக்கி வைத்திருக்கிறார்கள். மற்ற ஊர்களுக்கு, தரையில் ஒட்டிய படத்தைப் பார்த்து மென்பொருளே வீடுகளை ஊகித்து எழுப்பும். நம் ஊருக்கு அது எழுப்பிய வீடுகளுக்கு ஓட்டுச் சரிவு இருந்தது, மொட்டைமாடியும் தண்ணீர்த் தொட்டியும் இல்லை. செண்பகவல்லி அம்மன் கோவில் தரையோடு ஒட்டிய நிறமாகக் கிடந்தது. தீப்பெட்டி ஆபீஸ் எது, பள்ளிக்கூடம் எது என்று தெரியவில்லை. நாலு லட்சம் போட்டு ஆகச் சிறந்த கம்ப்யூட்டர் வாங்கினாலும் இதே மங்கல் கோவில்பட்டியைத்தான் இன்னும் துல்லியமாகப் பார்க்க முடியும். தெளிவு முதலில் பெரிய நகரங்களுக்குப் போகிறது. கரிசலுக்கு அது வருமா என்பதை எந்தக் கார்டும் தீர்மானிக்காது.

இதை அவனிடம் சொன்னபோது பைக்கைத் திருப்பினான். "வாங்க, ஒண்ணு காட்டுறேன்."

கழுகுமலைக்குப் போனோம். இருபது சொச்சம் கிலோமீட்டர். வழியெல்லாம் காயவைத்த உளுந்துச் செடி. மலையில் சமணச் சிற்பங்களுக்குப் பக்கத்தில் வெட்டுவான் கோவில் இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டை ஒட்டிய பாண்டியர் வேலை. பாறையைச் சுற்றிப் பள்ளமாக வெட்டி, நடுவில் மிஞ்சியதை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்து, அடிப்பகுதியை முடிக்காமல் விட்டிருக்கிறார்கள். விமானத்தின் உச்சியில் இருக்கும் சிற்பங்களின் நளினம் சொல்லி முடியாது. மத்தளம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தியைப் பார்க்க மட்டுமே இந்த மலை ஏறலாம்.

சிமுலேட்டரில் இந்த மலை ஒரு மேடு, அவ்வளவுதான். ஆனால் மருமகன் தன் போனில் இந்தக் கோவிலைச் சுற்றிச் சுற்றி எடுத்த நூற்றுக்கணக்கான படங்களிலிருந்து ஒரு முப்பரிமாண உருவம் செய்து வைத்திருந்தான். 2023-ல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் வெளியிட்ட காஸியன் ஸ்பிளாட்டிங் என்ற முறை. பரப்புகளாகக் கட்டாமல், லட்சக்கணக்கான வண்ணப் பொட்டுகளை வெளியில் தூவி உருவத்தைக் கொண்டுவருவது. கணக்குப் போட அவனுடைய பழைய கார்டு ஓர் இரவு முழுக்க எடுத்துக்கொண்டதாம். போன் திரையில் அதைச் சுழற்றிக் காட்டினான். பாறையின் உளித்தடம் தெரிந்தது. உச்சிப் பக்கம் மட்டும் மங்கல், அங்கே போனைத் தூக்கிப் பிடிக்க முடியவில்லை.

"இதை ஹெட்செட்ல போட்டா?" என்றேன்.

"பொட்டைக் குறைச்சா தனியாவே ஓடும். குறைக்காம பாக்கணும்னா நல்ல கார்டு வேணும்."

சுற்றிச் சுற்றி அங்கேயேதான் வந்து நிற்கிறது. என்றாலும் இந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. ஊகித்து எழுப்பிய வீடுகளைத் தெளிவாகப் பார்ப்பதற்காகக் கார்டு வாங்குவது ஒன்று, தானே எடுத்த கோவிலைக் குறைக்காமல் பார்ப்பதற்காக வாங்குவது வேறு. இரண்டாவதற்கு என் கையிலிருந்தும் கொஞ்சம் போடலாம் என்று தோன்றியது.

சாயங்காலம் அத்தானையும் கூட்டிக்கொண்டு ஊருக்குள் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். கடைக்கார அண்ணாச்சி கொட்டேஷன் அடித்துக் கொடுத்தார். 5070 டிஐ கார்டு போட்ட மாதிரி. கடையில் சரக்கு கிடையாது, சென்னை ரிச்சி தெருவிலிருந்து வர வேண்டும். எல்லா வரிக்கும் நேரே விலை இருந்தது, ரேம் வரியில் மட்டும் பென்சிலில் எழுதியிருந்தார். "இது இன்னைக்கு விலை. நாளைக்கு வந்தா நாளைக்கு விலை" என்றார். செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதில் 2025 கடைசி மாதங்களில் ரேம் விலை இரண்டு மூன்று மடங்காகிவிட்டது. கடைகளுக்கு ரேம் அனுப்பிவந்த குருஷியல் என்ற பெயரையே நிறுத்துவதாக மைக்ரான் கம்பெனி டிசம்பரில் அறிவித்துவிட்டது. முன்பு மைனிங்காரர்கள் கார்டை அள்ளினார்கள். இப்போது இவர்கள் ரேமை.

அத்தான் கொட்டேஷனை மூக்குக்கண்ணாடி போட்டு மேலிருந்து கீழாகப் படித்தார். "பில்லு இல்லாம என்ன விலை?"

"அப்பா, பில்லு இல்லைன்னா வாரண்டி இல்லை."

"18 பெர்சன்ட்டுலே!"

"கார்டு போச்சுன்னா சென்னைக்கு அனுப்பணும் அண்ணாச்சி, பில்லு இருந்தாத்தான் எடுப்பான்" என்றார் கடைக்காரரும்.

முழுசாக வாங்குவதாக யாருக்கும் எண்ணமில்லை. இவன் எப்போதும் வாங்குவது போல ஒவ்வொன்றாகத்தான். முதலில் எஸ்எம்பிஎஸ். 850 வாட், நல்ல ரகம். பழைய கார்டுக்கு அது தேவையே இல்லை. ஆனால் பின்னால் 5070 டிஐ வந்தாலும் தாங்கும். பத்து வருட வாரண்டி என்று கடைக்காரர் சொன்னதும் அத்தான் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பத்து வருசமா? எழுதியே குடுத்திருக்கான்?" என்று கேட்டுவிட்டு, பில்லோடு பணத்தை எண்ணிக் கொடுத்தார். கார்டுக்கு முன்பணமாக நான் கொடுக்க நீட்டியதை வாங்க விடவில்லை. தை வெள்ளாமை விலை தெரியட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார்.

ஹெட்செட்டை அவனிடமே விட்டுவிட்டு வருவதாக முடிவாயிற்று. பங்குனித் திருவிழாவுக்கு வரும்போது எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஓர் எச்சரிக்கை மட்டும் சொன்னேன். லென்ஸில் நேரடியாக வெயில் படக் கூடாது. லென்ஸ் சூரியனைக் குவித்து உள்ளே இருக்கும் திரையைச் சில நிமிடங்களில் பொசுக்கிவிடும். ஜன்னலோரம் மறந்து வைத்தாலும் போச்சு, அந்தப் பொட்டுக்கு மருந்து கிடையாது.

"இந்த ஊர்ல வெயில் படாத எடம் எங்க மாப்ள இருக்கு?" என்று கேட்ட அத்தான், அதைத் துணியில் சுற்றி வாங்கி, காட்டுப் பத்திரம் வைத்திருக்கும் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை அக்காவிடம் கொடுத்தார். படிப்பு நேரம் போக, அவளைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.